ஒரு பாட்டுக்கு எத்தனை பதிவு? காவிரிப் படுகையின் இசைத்தட்டுப் பட்டியல்கள்

1966ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த ‘அன்பே வா’ படத்தில், எம்.ஜி.ஆர். சிம்லாவில் பாடிக்கொண்டு வரும் ‘புதிய வானம் புதிய பூமி’ பாட்டுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இசைத்தட்டில் ‘உதய சூரியனின் பார்வையிலே’ என்று வரும் அடி, திரையில் ‘புதிய சூரியனின் பார்வையிலே’ என்று ஒலிக்கிறது. உதயசூரியன் தி.மு.க.வின் தேர்தல் சின்னம் என்பதால் தணிக்கைக் குழு அந்தச் சொல்லை ஏற்கவில்லை. ஆனால் 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் திரையரங்கில் காட்டப்படும் படத்தைக் கட்டுப்படுத்தியதே தவிர, கடையில் விற்கப்படும் இசைத்தட்டின் பக்கம் அது போகவில்லை. அதனால் கொட்டகைக்குள் ஒரு சூரியனும், கொட்டகைக்கு வெளியே பந்தல்காலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் இன்னொரு சூரியனும் உதித்தன. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரங்களில் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்துப் பட்டியலிடுவோரிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்களுடைய வேலை என்னவென்பதை விளக்க இந்த ஒரு பாட்டே போதுமானதாக இருக்கிறது.

ஒரே பாட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எத்தனை வடிவங்களில் வெளிவந்தது, ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகிறது, எந்தத் தட்டில் எந்த வடிவம் இருக்கிறது என்பதைக் குறித்துவைப்பதே அந்த வேலை. மேல்நாட்டில் இது நெடுங்காலமாகவே தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. அங்கே பாட்டு, படத்தின் பகுதியாக அன்றி, ‘சிங்கிள்’ என்னும் தனித்தட்டாக விற்கப்பட்டது. அதன் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கொண்டு வாராவாரம் தரவரிசை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ‘பில்போர்டு’ இதழ் 1958 ஆகஸ்டில் நூறு பாட்டுகளின் வரிசையைத் தொடங்கியது. அந்த வரிசைகளில் ஏறிய தட்டுகளைத் தேடிச் சேர்த்து நூல்களாகத் தொகுப்பதையே ஜோயல் விட்பர்ன் என்பவர் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். வரிசையில் ஏறியது எந்தத் தட்டு என்று தெரிந்துவிட்டால், அதே பெயரில் நீள்தட்டில், அதாவது பல பாட்டுகள் அடங்கிய எல்.பி. தட்டில், இருக்கும் பதிவும் அதுவும் ஒன்றுதானா என்ற கேள்வி தானாகவே எழும்.

பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ‘தி டோர்ஸ்’ குழுவின் ‘லைட் மை ஃபயர்’ நீள்தட்டில் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும். 1967இல் வரிசையின் முதலிடத்தைப் பிடித்த சிங்கிளில், இடையிலுள்ள வாத்திய ஆலாபனைகள் வெட்டப்பட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ‘தி கிங்க்ஸ்’ குழுவின் ‘லோலா’ பாட்டில் ‘கோக்க கோலா’ என்ற வணிகப் பெயர் வந்ததால் பி.பி.சி. ஒலிபரப்பாது என்ற நிலை வந்தபோது, பாடகர் ரே டேவிஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே லண்டனுக்குப் பறந்துவந்து அந்தச் சொல்லை மட்டும் ‘செர்ரி கோலா’ என்று மாற்றிப் பாடிவிட்டுப் போனார்; அது 1970. நம் ஊர்ச் சூரியனுக்கும் அந்தக் கோலாவுக்கும் காரணங்கள் வேறு. ஆனால் பட்டியலிடுகிறவருக்கு வந்து சேரும் சிக்கல் ஒன்றேதான்.

இவற்றில் ‘பீட்டில்ஸ்’ குழுவின் முதல் சிங்கிளான ‘லவ் மீ டூ’வின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1962 செப்டம்பர் 4இல் ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசிக்க ஒரு பதிவு நடந்தது. தயாரிப்பாளருக்கு நிறைவில்லாமல் போகவே, ஒரு வாரம் கழித்து ஆண்டி ஒயிட் என்னும் வாடகைக் கலைஞரை டிரம்ஸில் உட்காரவைத்து, ரிங்கோவின் கையில் டாம்பரினைக் கொடுத்து, இன்னொரு பதிவு எடுத்தார்கள். அக்டோபரில் வெளிவந்த தட்டின் முதல் அச்சில் இருந்தது முந்தைய பதிவு. அடுத்த ஆண்டு வந்த நீள்தட்டிலும் பிந்தைய அச்சுகளிலும் இருப்பது பிந்தைய பதிவு. டாம்பரின் கேட்டால் இரண்டாவது, கேட்காவிட்டால் முதலாவது என்பது சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். பின்னாளில் முதற்பதிவை மீண்டும் வெளியிட முயன்றபோது மூல நாடா கைவசம் இல்லை. நல்ல நிலையிலிருந்த ஒரு பழைய தட்டிலிருந்தே அதைப் பிரதியெடுக்க வேண்டியிருந்தது. உலகின் மிகப் பெரிய இசைக்குழு ஒன்றின் முதல் வெளியீட்டுக்கே இந்த நிலை என்றால், சென்னையில் பதிவாகி, கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம் ஆலையில் அச்சாகி, ரயிலேறித் தஞ்சாவூர் வந்த தட்டுகளின் மூலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் சிங்கிள் என்ற ஏற்பாடு இருந்ததில்லை. பாட்டு எப்போதும் படத்தின் பெயரோடுதான் நடமாடியது, தரவரிசையும் கிடையாது. ஆயினும் மேல்நாட்டுச் சிங்கிளுக்கு மிக நெருக்கமான பொருள் ஒன்று நம்மிடம் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும், பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம்தான் அது. அந்தப் பக்கத்தில் மூன்றேகால் நிமிடம், மிஞ்சினால் மூன்றரை நிமிடம் பதியலாம். பாட்டு அதைவிட நீளமானால், ஒன்று சரணத்தை வெட்ட வேண்டும், அல்லது முதற்பாகம், இரண்டாம் பாகம் என்று இரு பக்கங்களுக்குப் பிரிக்க வேண்டும். திரையில் மூன்று சரணமும் தட்டில் இரண்டு சரணமுமாக இருக்கும் பாட்டுகளுக்கு இந்த மூன்றேகால் நிமிடக் கணக்கே பெரும்பாலும் காரணம். நம் தலைமுறையினர் பலர் ‘விடுபட்ட சரணம்’ என்று எதையோ புதிதாகக் கண்டெடுத்ததைப் போல வியப்பதெல்லாம் தட்டின் அளவால் நேர்ந்தவை.

அதற்கும் முந்தைய காலத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. தமிழில் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதன் பின்னான சில ஆண்டுகளில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார்கள். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தப் பாட்டை விற்க விரும்பிய இசைத்தட்டுக் கம்பெனி, பாடகரைத் தன் பதிவுக்கூடத்துக்கு அழைத்துத் தனியாகப் பாடவைத்துப் பதிந்தது. ஆகவே படத்தில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒரே குரலின் வெவ்வேறு நாள் பாட்டுகள். சங்கதிகள் மாறும், காலப்பிரமாணம் மாறும், வாத்தியங்களும் மாறும். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுகளை ஆராய்வோர் இதனால்தான் ‘படப் பதிவு’, ‘தட்டுப் பதிவு’ என்று இரண்டு பத்திகள் வைத்துக்கொள்கிறார்கள். ‘காளிதாஸ்’ உட்பட 1930களின் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதிகள் இன்று இல்லை. அவற்றில் பலவற்றுக்கு மிஞ்சியிருப்பவை கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகமும், எங்காவது கிடைக்கும் ஒன்றிரண்டு தட்டுகளும் மட்டுமே. அப்படிப்பட்ட பாட்டுக்குத் தட்டுப் பதிவு ஒன்றுதான் பதிவு; ஒப்பிட வேறொன்றில்லை.

பின்னணிப் பாட்டு வந்த பிறகு குரலின் அடையாளமே கேள்விக்குரியதாகிவிட்டது. 1945இல் வெளியான ‘ஸ்ரீ வள்ளி’யில் நாயகி குமாரி ருக்மிணியே பாடியிருந்தார், படம் வெளிவந்த பிறகு, பாட்டு எடுபடவில்லை என்று கருதிய ஏ.வி. மெய்யப்பன், பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து ஒலிப்பகுதியை மாற்றினார். ஒரே படம், ஒரே முகம், இரண்டு குரல். இசைத்தட்டின் சிட்டையில், அதாவது நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தாளில், அச்சிட்டிருக்கும் பெயரை நம்பலாமா என்றால், அந்தக் காலத்துத் தட்டுகளில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இந்தியில் 1949இல் வந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டை லதா மங்கேஷ்கர் பாடியிருக்க, தட்டில் அச்சானதோ ‘காமினி’ என்னும் கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் பெயரைப் போட வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றச் சிறிது காலம் பிடித்தது.

காவிரிப் படுகையில் இந்தத் தட்டுகள் எப்படிச் சேர்ந்தன என்பதைப் பார்த்தால், இங்குள்ள பட்டியல்கள் ஏன் சென்னையின் பெருஞ்சேகரிப்புகளிலிருந்து வேறுபடுகின்றன என்பது விளங்கும். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ரசனையின் வழியே, தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். இங்கே, சில பெரிய மிராசு வீடுகளையும் வக்கீல் வீடுகளையும் விட்டால், தட்டுகளை வாங்கிக் குவித்தவர்கள் மைக் செட்டுக்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள்நீராட்டு, மாரியம்மன் திருவிழா, அரசியல் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் குழாய் கட்டிய தொழில் அது. குறுவை அறுவடை முடிந்தால் ஒரு சுற்று, தை பிறந்தால் இன்னொரு சுற்று என்று வயலின் கணக்கோடு அது ஓடியது. ஊரார் கேட்கும் பாட்டு கையில் இல்லாவிட்டால் அடுத்த திருவிழா வேறொருவருக்குப் போய்விடும் என்பதால், புதுப்படத் தட்டு வந்தவுடன் வாங்க வேண்டியிருந்தது. தேய்ந்தால் அதே தட்டை மறுபடியும் வாங்கினார்கள். அதனால்தான் இங்குள்ள பரண்களில் ஒரே பாட்டின் இரண்டு மூன்று அச்சுகள் கிடைக்கின்றன. ரசிகர் ஒருவர் இரண்டாவது பிரதியை வாங்கியிருக்க மாட்டார். வடிவ வேறுபாடு தேடுகிறவருக்கு இதைவிட நல்ல புதையல் இல்லை. தட்டுகளின் நிலைதான் பரிதாபமாக இருக்கும். ஒரு எஃகு முள்ளை ஒரு பக்கத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனி அறிவுறுத்தியது. திருவிழா இரவில் அதை யார் கேட்டார்கள்?

அந்தத் தட்டுகளின் சிட்டைகளில் கடையின் பெயரும் ஊரும் ரப்பர் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். சில இடங்களில் முத்திரை சரியாகப் பாடகர் பெயரின் மேலேயே விழுந்திருப்பது எரிச்சலூட்டும் செய்திதான். ஆனால் எந்த வடிவம் எந்த ஊரில் ஒலித்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை. திருத்துறைப்பூண்டி முத்திரையோடு ஒரு தட்டு கிடைத்தால், அந்தப் பக்கத்து ஊர்களின் காதில் பதிந்த பாட்டு அதுதான் என்று சொல்லிவிடலாம். முத்திரையைத் துடைத்து அழகுபடுத்தும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அந்தத் துப்புரவால் தட்டின் வரலாற்றில் பாதி போய்விடுகிறது என்பது என் கருத்து.

செவிப் பயிற்சியைக் கொடுத்தது வானொலி. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இல் தொடங்கியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலியில் இடமளிக்க மறுத்துவந்தபோது, நேயர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து மக்களுக்கு அது கடல் தாண்டிய அயல்நாட்டு நிலையம் என்றே தோன்றாத அளவுக்குத் தெளிவாகக் கேட்டது. பாட்டுக்கு முன் படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று அறிவிப்பாளர் ஒழுங்காகச் சொல்லிய வழக்கமே, பல வீடுகளில் நோட்டுப் புத்தகத்தில் பாட்டுக் கணக்கு எழுதும் பழக்கத்தை உண்டாக்கியது. இன்றைய பட்டியல்காரர்களில் மூத்தவர்கள் அந்த நோட்டிலிருந்து வளர்ந்தவர்கள்.

இனி, தட்டைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். சிட்டையில் கம்பெனியின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். ஹெச்.எம்.வி.யின் பத்து அங்குலத் தட்டுகளில் ‘என்’ என்ற எழுத்தும், கொலம்பியாவின் திரைப்பாடல் தட்டுகளில் ‘ஜி.இ.’ என்ற எழுத்துகளும் எண்ணுக்கு முன்னால் வரும். ஓடியான் என்ற மூன்றாவது பெயர் தென்னாட்டில் பரவியதற்குச் சென்னையின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் காரணம், ஏ.வி. மெய்யப்பன் படத்தொழிலுக்கு வருமுன் நடத்திய தொழில் அது. இந்த எண் விற்பனைக்கானது. மறு வெளியீட்டில் அது மாறலாம், மாறாமலும் இருக்கலாம். பட்டியல்காரர் உண்மையில் தேடுவது இன்னொரு எண்ணை. பாட்டு முடிந்தபின் முள் வழுக்கிக்கொண்டு ஓடும் வெற்று வளையத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி பொறித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை அச்சிட்ட உலோக வார்ப்பின் அடையாள எண் அது. விற்பனை எண் ஒன்றாக இருந்து வார்ப்பு எண் மாறியிருந்தால், பாட்டை மறுபடி வெட்டியிருக்கிறார்கள் அல்லது வேறு பதிவைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள் கொண்டு காதைத் தீட்ட வேண்டும். இந்திய இசைத்தட்டு ஆய்வுக்கு அடித்தளமிட்ட ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் போன்றவர்கள் இத்தகைய எண்களைத் தொடர்வரிசையில் அடுக்கியே, விடுபட்ட தட்டுகளின் இடத்தைக்கூடக் கணித்தார்கள். எண் இல்லாத பட்டியல் வெறும் பாட்டுப் பெயர்த் தொகுப்புதான். அதற்கு வேறு பயன் உண்டு, இந்தப் பயன் இல்லை.

நீள்தட்டுகளில் எழுத்துகளே ஒரு செய்தியைச் சொல்லிவிடும். ஹெச்.எம்.வி.யில் ‘இ.சி.எல்.பி.’ என்று தொடங்கினால் மோனோ, ‘இ.சி.எஸ்.டி.’ என்றால் ஸ்டீரியோ. ஆனால் அந்த ஸ்டீரியோ, பதியும்போதே இரு தடங்களில் பதிந்ததா, பழைய ஒற்றைத் தடத்தைப் பின்னால் பிரித்துச் செயற்கையாக விரித்ததா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். வலப்பக்கம் தபேலாவும் இடப்பக்கம் வயலினும் தெளிவாகப் பிரிந்து நின்றால் ஒன்று. எல்லாமே இரு பக்கமும் லேசான எதிரொலியோடு மிதந்தால் மற்றொன்று. தமிழில் உண்மையான ஸ்டீரியோ பதிவு பரவலாகப் பேசப்பட்டது 1978இல் வந்த ‘ப்ரியா’வின் பாட்டுகளிலிருந்துதான்.

இரண்டு தட்டுகளில் இருப்பது ஒரே பதிவா என்று அறியக் கணினி வழியே எளிய முறை ஒன்று இருக்கிறது. இரண்டையும் கணினியில் ஏற்றி, வேகத்தைச் சமன்செய்து, ஒன்றை இடக் காதிலும் மற்றொன்றை வலக் காதிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட வேண்டும். ஒரே பதிவானால் குரல் தலையின் நடுவில் நின்றுவிடும். சற்று விலகினாலும் சீராகவே விலகும். வெவ்வேறு நாளில் பாடியதானால், எத்தனை தேர்ந்த பாடகராக இருந்தாலும், மூச்செடுக்கும் இடமும் கமகத்தின் அசைவும் அடிக்கு அடி முன்பின்னாகி, இரண்டு பேர் பாடுவதைப் போலக் காதில் விழும். பல்லவியை மட்டும் கேட்டு ‘ஒன்றுதான்’ என்று முடிவு கட்டுவது இந்தத் தொழிலில் மிகுதியாக நடக்கும் பிழை; பாட்டின் தலைப்பகுதி பொதுவாகவும், வெட்டும் ஒட்டும் சரணத்திலும் இருப்பதே வழக்கம்.

வேகத்தைச் சமன்செய்து என்று மேலே எளிதாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் ஒரு பெரிய விவகாரம் இருக்கிறது. 78 என்பது பெயரளவில்தான். ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் பின்னாளில் நிலைபெற்ற வேகம் 77.92 சுற்று, அதற்கு முந்தைய தட்டுகள் இன்னும் விலகிய வேகங்களில் பதியப்பட்டவை. 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். பாடகர் இளைத்துவிட்டதைப் போலிருக்கும். தொலைக்காட்சியில் வந்த வடிவங்களிலும் இதே கோளாறு வேறு காரணத்தால் நேர்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. நம் தொலைக்காட்சி முறைக்காக அதை 25 சட்டமாக ஓட்டி நாடாவில் ஏற்றினால், நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் ஐம்பது நொடியில் முடியும், சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அப்படி ஏறிய பாட்டு குறுந்தகட்டில் வந்து, அதிலிருந்து இணையத்துக்கும் போய், இப்போது அதுவே சரியான சுருதி என்று நம்புகிறவர்கள் பலர். இவ்விஷயத்தில் தஞ்சைப் பகுதிக்கு ஒரு தனி வசதி உண்டு. இங்கே நாகசுரமும் தவிலும் கேட்டே வளர்ந்த காதுகளுக்குக் கட்டை பிடிபடும், திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தட்டு ஒன்று வேகமாக ஓடினால், அவர் வாசித்த பாரி நாயனம் என்னும் நீண்ட நாகசுரத்தின் கனம் குறைந்து, திமிரி என்னும் குட்டை நாகசுரத்தைப் போலக் கீச்சிடுவதை வைத்தே சுழற்சியைத் திருத்திவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அளவுகோலாக வைத்துக்கொள்ள வாத்தியம் ஒன்று தெரிந்தால் போதும், கருவி தேவையில்லை.

45 சுற்று இ.பி. தட்டுகளின் காலத்தில், ஏழு அங்குலத்தில் பக்கத்துக்கு இரண்டு பாட்டாக நான்கு பாட்டுகள் அடங்கின. நீளமான பாட்டு இங்கேயும் கத்தரிக்குத் தப்பவில்லை. இந்தக் காலத்தின் முக்கியச் சிக்கல், ஒரே பல்லவியில் மகிழ்ச்சியாக ஒன்றும் சோகமாக ஒன்றும் இருப்பது. ‘புதிய பறவை’யில் (1964) பி. சுசீலா பாடிய ‘உன்னை ஒன்று கேட்பேன்’ இரு விதமாகவும் உண்டு. முதலடியை மட்டும் எழுதிய பட்டியலில் இரண்டும் ஒன்றாகிவிடும். இன்னொரு சிக்கல், தட்டில் இருந்து படத்தில் இல்லாத பாட்டு. ‘கர்ணன்’ (1964) தட்டிலுள்ள ‘மகாராஜன் உலகை ஆளுவான்’ படத்தில் இடம்பெறவில்லை. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) தட்டில் எஸ். ஜானகி பாடிய ‘புத்தம் புது காலை’யும் அப்படித்தான்; காட்சி இல்லாமலே அது ஒரு தலைமுறையின் பாட்டானது. படத்தை வைத்துப் பாட்டைப் பதியும் பட்டியலில் இவற்றுக்கு இடமே இருக்காது. படத்தைத் தலைப்பாகக் கொள்வதுதான் நம்மிடம் பெருவழக்கு. நான் அதற்கு எதிரானவன்.

கேசட் வந்தபின் மைக் செட்டுக்காரர்கள் தட்டுகளை மூட்டையாகக் கட்டினார்கள். சில பரணேறின, சில பழைய இரும்புக் கடைக்குப் போயின. அதே சமயத்தில் கடைத்தெருக்களில் பாட்டுப் பதிவு நிலையங்கள் முளைத்தன. வாடிக்கையாளர் தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் அறுபது அல்லது தொண்ணூறு நிமிட நாடாவில் பதிந்து தருவார்கள். நாடாவின் முனையில் நேரம் போதாமல் கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துபோவது வழக்கம். சரியான கணக்கில் இவை வெளியீடுகள் அல்ல, நகல்கள்; பட்டியலில் தனி வடிவமாகச் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கைக்குக் கிடைக்காத ஒரு தட்டின் ஒரே சாட்சியாக அத்தகைய நாடா இருக்கும்போது அதைத் தள்ளுவது அறிவாகாது. ‘நாடா நகல், தட்டு காணவில்லை’ என்று குறித்துச் சேர்த்துக்கொள்வதே நேர்மை.

இவ்வளவும் சொன்னபின் எழும் பெரிய தகராறு, எது மூலம் என்பது. திரையில் வந்ததுதான் மூலம், தட்டு அதன் சுருக்கம் என்பார் சிலர். பதிவுக்கூடத்தில் இசையமைப்பாளர் ஒப்புக்கொண்ட முழுப் பதிவே மூலம், திரையும் தட்டும் அதன் வெட்டுகள் என்பார் வேறு சிலர். காவிரிக் கரையில் எழுபதைக் கடந்த ஒருவரைக் கேட்டால், அவர் வாயில் வரும் வடிவம் பெரும்பாலும் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டதாகவே இருக்கும். படத்தை அவர் இரண்டு முறை பார்த்திருப்பார், தட்டை நூறு முறை கேட்டிருப்பார். என் கருத்தில், இந்தக் கேள்விக்கு விடை சொல்வது பட்டியலின் வேலையல்ல. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் ஒவ்வோர் ஏட்டின் பாடத்தையும் அப்படியே காட்டி, தம் தேர்வைத் தனியாகச் சொன்னார்கள். அவ்வாறே இங்கும் பட்டியலின் அலகு, பாட்டோ படமோ அல்ல. இன்ன வார்ப்பு எண் கொண்ட தட்டின் இன்ன பக்கம். அதில் ஓடும் நேரம் எவ்வளவு, எத்தனை சரணம், எந்தச் சொல் வேறு, எங்கே தேய்ந்து மறைகிறது, யாருடைய முத்திரை இருக்கிறது என்று எழுதிவிட்டால், மூலத்தைப் பற்றிய வாதத்தை யார் வேண்டுமானாலும் பிறகு நடத்தலாம்.

இன்றைய இணையச் சேவைகள் இதற்கு நேர்மாறாக இயங்குகின்றன. கம்பெனியிடம் கைவசமுள்ள ஏதோவொரு பிரதியை ஏற்றி, அதற்குப் படத்தின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துவிடுகிறார்கள். அது 78இலிருந்து வந்ததா, நீள்தட்டிலிருந்தா, எதிரொலி சேர்த்துப் புதுப்பித்ததா, படத்தின் ஒலித்தடத்திலிருந்து உருவியதா என்ற குறிப்பு இல்லை. கேட்பவருக்கு அது போதும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வடிவம் எல்லார் கையிலும் இருக்கும்போது மற்றவை இருந்ததாகவே தெரியாமல் போகின்றன.

எனவே வேலை அவசரமானதும்கூட. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உறைகள் பூஞ்சை பிடிக்கின்றன. சிட்டை உரிந்தால் தட்டு பேரற்றுப் போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை கூரைகளைப் பிரித்துப் போட்டபோது, பரண் என்பது எவ்வளவு ஆபத்தான காப்பகம் என்று தெரிந்தது. தட்டுகளைப் படுக்கப்போட்டு அடுக்காமல் நிற்கவைக்க வேண்டும். துடைக்கும்போது, அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக் கூடாது; அரக்கு சாராயத்தில் கரையும். பிந்தைய வினைல் தட்டுக்குப் பொருந்துவதை இதற்கும் செய்து, ஒரே துடைப்பில் பாட்டை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கும் முள் வேறு: 78இன் வரிப்பள்ளம் அகலமானது, நீள்தட்டின் நுண்முள் அதன் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுத்துத் தரும்.

பட்டியலிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒலியை வெளியிடுவதென்றால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள். ஆகவே 1964இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை வேறு. அது ஆசிரியரின் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகள் நீடிக்கும். 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடிய உரிமை இருக்கிறது. 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் எழுத்துகளையோ தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆயினும் அவர் எழுதிய பாட்டின் மெட்டுக்கு உரியவர் வேறொருவர் என்பதால், அவருடைய பாட்டைக்கூட ஒலியாக வெளியிடுமுன் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று தேதிகளைத் தனித்தனியே கணக்கிட வேண்டியிருக்கிறது: தட்டு வெளியான ஆண்டு, எழுதியவர் மறைந்த ஆண்டு, இசையமைத்தவர் மறைந்த ஆண்டு. இந்த மூன்றையும் பட்டியலிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்வது பின்னால் வருகிறவருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.